மங்குத் தட்டின் அடிப்பக்கம்

உங்க வீட்ல ஊறுகாய் ஜாடி இருந்தா, அடுத்த தடவை காலியாகும்போது கழுவித் தலைகீழாக் கவுத்துப் பாருங்க. அடியில் ஒரு வட்டம் மட்டும் பளபளப்பு இல்லாமல் சொரசொரன்னு இருக்கும். சூளைச் சூட்டில் மெருகு உருகும். வைத்த இடத்தோடு ஜாடி ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அந்த வட்டத்தில் மட்டும் மெருகைத் துடைத்துவிடுவார்கள். அங்கேதான் உள்ளே இருக்கிற மண் வெளியே தெரியும். பீங்கான் பார்க்கத் தெரிந்தவர்கள் ஒரு சாமானைக் கையில் எடுத்ததும் முதலில் திருப்பிப் பார்க்கிற இடம் அதுதான். பூ, மீன், டிராகன் எல்லாம் அப்புறம்.

இதை நான் கத்துக்கிட்டது ஒரு பச்சைத் தட்டுக்காக. எங்க அப்பத்தாவோட தட்டு. சாப்பாட்டுத் தட்டு அளவு, வெளிர்ப் பச்சை, நடுவில் ஒரு பூ, விளிம்பில் சின்னதாக ஒரு உடைசல். எனக்கு நினைவு தெரிந்து அதில் கோலமாவு இருந்திருக்கிறது, கொஞ்ச நாள் விபூதி, கொஞ்ச நாள் வெத்தலை. போன வருஷம், வீடு வீடாகப் பழைய சாமான் வாங்க வருகிற ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இது சீனாப் பச்சை சார், செலடன். ஐந்நூறு வருஷம் இருக்கும். நாலாயிரம் தர்றேன்" என்றார். அந்த மாசம்தான் எங்க போர் மோட்டார் காயில் எரிஞ்சு போயிருந்தது. அப்பா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கணக்குப் போட்டேன். ஐந்நூறு வருஷம் உண்மைன்னா நாலாயிரம் ரொம்பக் கம்மி. நாலாயிரம்தான் நியாயமான விலைன்னா ஐந்நூறு வருஷம் பொய். ரெண்டுல ஒண்ணுதான் நிக்கும். "பொங்கல் கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்பினோம். அந்த இடைவெளியில் படித்ததும் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

செட்டிநாட்டுக்கு வெளியே இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. எங்க பக்கம் பீங்கான் பாத்திரத்துக்கு 'மங்குச்சாமான்' என்று பெயர். அப்பத்தா இன்றைக்கும் பீங்கான் என்று சொல்ல மாட்டார், மங்குதான். மலாய் மொழியில் கிண்ணத்தை 'மங்குக்' என்பார்கள். காதுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்க. நாம் எல்லாரும் சொல்கிற 'பீங்கான்' பாரசீகப் பக்கத்துச் சொல். செய்தது சீனாக்காரன். ஆனால் எவன் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தானோ அவன் வாயில் இருந்த பெயர்தான் நமக்கு ஒட்டியிருக்கிறது.

சரி, செலடன் என்றால் என்ன? பச்சை மெருகு போட்ட சீனப் பீங்கான் வகை. சீனர்கள் அதை 'சிங்ட்ஸ' என்பார்கள். செலடன் என்பது ஐரோப்பாவில் வைத்த பெயர். 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கதை ஒன்றில் வரும் ஆட்டு இடையன் பெயர் அது. அவன் உடுப்பின் பச்சை நிறத்தால் தட்டுக்கும் அந்தப் பெயர் வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். சொந்தப் பெயர் இருக்கும்போதே அடுத்தவன் வைத்த பெயரில் உலகம் சுற்றுவது பீங்கானுக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லைதான். இந்த வகையில் மிகப் பேர்பெற்றது சீனாவின் செஜியாங் மாகாணத்தில் உள்ள லாங்சுவான் என்ற ஊர்ச் சூளைகள். சோங், யுவான் அரசர்கள் காலத்தில், அதாவது நம்ம பிற்காலச் சோழர், பிற்காலப் பாண்டியர் காலத்தில், அங்கிருந்து கப்பல் கப்பலாகப் பச்சைத் தட்டு வெளியே போனது. அந்தச் சூளைத் தொழில்நுட்பத்தை 2009-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

எனக்கு இதில் முதலில் பிடித்துப்போனது கெமிஸ்ட்ரி. அந்தப் பச்சைக்குக் காரணம் இரும்பு. மெருகில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பங்கு வரை இரும்பு ஆக்சைடு இருந்தால் போதும். ஆனால் இரும்பு என்றால் நமக்குச் சிவப்புதானே ஞாபகம் வரும்? துரு சிவப்பு, செம்மண் சிவப்பு, மானாமதுரைப் பானை சிவப்பு. அதே இரும்பு எப்படிப் பச்சையாகும்? பதில் காற்றில் இருக்கிறது. சூளையில் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் இரும்பு ஃபெரிக் நிலையில் நின்று மஞ்சள், பழுப்பு, சிவப்பு என்று போகும். காற்று வழியை அடைத்து, விறகை மட்டும் மேலும் மேலும் தள்ளினால், எரிவதற்கு ஆக்சிஜன் போதாமல் கார்பன் மோனாக்சைடு உருவாகும். அது மெருகில் இருக்கிற ஆக்சிஜனைப் பிடுங்கும். இரும்பு ஃபெரஸ் நிலைக்கு இறங்கும். நிறம் நீலம் கலந்த பச்சைக்கு வரும்.

இதன் தூரத்துச் சொந்தம் நம்ம சிவகங்கை மாவட்டத்திலேயே இருக்கிறது. கீழடியில் கிடைக்கிற கருப்பு-சிவப்புப் பானை ஓடுகளைப் பாருங்க. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உள்பக்கத்துக்குக் காற்று கிடைக்காமல் கறுத்துவிட்டது, வெளிப்பக்கம் காற்றுப் பட்டுச் சிவந்தது. ஒரே மண், ஒரே தீ, நிறம் ரெண்டு. தீயில் காற்றைக் கூட்டிக் குறைத்து நிறம் வாங்கலாம் என்பது கீழடிக் குயவருக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே தெரியும். லாங்சுவான்காரர் அதை 1200 டிகிரிக்கு மேல், கண்ணாடி மாதிரி உருகுகிற மெருகோடு சேர்த்துச் செய்தார். மலைச்சரிவில் பாம்பு படுத்த மாதிரி நீளமாக ஏறிப்போகும் சூளை அது. 'டிராகன் சூளை' என்றுதான் பெயர். தட்டுகள் ஒவ்வொன்றும் களிமண் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். ஒரு தடவை தீ போட்டால் ஆயிரக்கணக்கில் வெளியே வரும். எங்கேயாவது காற்று புகுந்துவிட்டால் அந்தப் பக்கத்துத் தட்டெல்லாம் மஞ்சளும் பழுப்புமாக வரும். தெர்மோகப்பிள் கிடையாது, ஆக்சிஜன் சென்சார் கிடையாது. சூளை ஓட்டை வழியாகத் தீயின் நிறத்தைக் கண்ணால் பார்த்து ஓட்டினார்கள். நம்ம லேப்ல ஃபர்னஸ் டிஸ்ப்ளே அஞ்சு டிகிரி ஏறி இறங்கினாலே வைவால கேள்வி வருது.

இப்போ பூ வேலைக்கு வருவோம். செலடனில் வண்ணம் தீட்டிய பூ அபூர்வம். ஒரே நிறத்துக்குள்ளேயே பூ தெரிய வேண்டும். அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். ஈர மண்ணில் கத்தியைச் சாய்த்துப் பிடித்து இதழின் கோட்டைச் சீவுவார்கள். கோட்டின் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருக்கும். மேலே போடுகிற மெருகு பள்ளத்தில் தேங்கித் தடிக்கும், மேட்டில் வழிந்து மெலியும். தடித்த இடம் கரும்பச்சை, மெலிந்த இடம் வெளிர்ப் பச்சை. குளத்துத் தண்ணி ஓரத்தில் வெளுத்தும் நடுவில் கருத்தும் தெரியுமே, அதே கணக்கு. மெருகுக்குள் மாட்டிக்கொண்ட நுண்ணிய காற்றுக்குமிழ்கள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் பச்சைக் கல் மாதிரி ஒரு மங்கல் பளபளப்பு வரும். பளீர் என்று கண்ணைக் குத்தாது.

சீனாவுக்குப் போகாமல் இந்தத் தந்திரத்தைப் பார்க்கணுமா? ஏதாவது ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டுச் சுவரைப் பாருங்க. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்த பூ ஓடுகள் இடுப்பு உயரத்துக்குப் பதித்திருக்கும். ரோஜாவும் மயிலும் மேடாக எழும்பி நிற்கும் ஓடுகள். இதழ் விளிம்பில் நிறம் வெளுத்தும் பள்ளத்தில் கனத்தும் இருக்கும். மெருகின் சேர்மானம் வேற, சுடுகிற சூடும் வேற. ஆனால் மேடு பள்ளத்தில் மெருகைத் தேங்க விட்டு நிழல் வாங்குகிற யோசனை ஒன்றுதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதெல்லாம் நான் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறேன். சொந்தக்காரங்க ஒரு மாதிரிப் பார்க்கிறாங்க.

லாங்சுவான் கிண்ணங்களின் வெளிப்பக்கத்தில் அதிகம் வருவது தாமரை இதழ். கிண்ணமே பாதி விரிந்த தாமரை மாதிரி இருக்கும். உள்ளே பியோனிப் பூ, மேகம், டிராகன் எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது இரட்டை மீன். தனியாக அச்சில் அழுத்திய இரண்டு குட்டி மீன்களைத் தட்டின் நடுவில் ஒட்டி, மேலே மெருகு போட்டிருப்பார்கள். சீனத்தில் மீனுக்கும் 'மிச்சம், நிறைவு' என்பதற்கும் ஒரே உச்சரிப்பு. சாப்பிட்டு முடித்தால் தட்டின் அடியில் மீன் தெரியும். இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குயவருக்கு மதுரையில் ஒரு ராஜவம்சம் இரட்டைக் கயலைக் கொடியில் வைத்திருக்கிறது என்பது தெரிந்திருக்க வழியில்லை. பாண்டிய நாட்டுத் துறைமுகத்தில் மூட்டை பிரித்தவன் அப்படி ஒரு தட்டைப் பார்த்திருந்தால், நம்ம ராஜாவுக்கென்றே ஆர்டர் கொடுத்துச் செய்தது என்று நினைத்திருப்பான்.

பாண்டிய நாட்டுத் துறைமுகம் என்று சும்மா சொல்லவில்லை. ராமநாதபுரத்துக்குத் தெற்கே, கீழக்கரைக்குப் பக்கத்தில் பெரியபட்டினம் என்று ஒரு ஊர் இருக்கிறது. திருப்புல்லாணிக் கல்வெட்டில் வரும் பவித்திரமாணிக்கப்பட்டினம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஜப்பானியத் தமிழறிஞர் நொபோரு கராஷிமாவும் நம்ம எ. சுப்பராயலுவும் இந்தக் கடற்கரையில் சீனப் பீங்கான் ஓடுகளைத் தேடி நடந்தவர்கள். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987-ல் அங்கே அகழாய்வு செய்தது. கிடைத்த சீன ஓடுகளில் 13, 14ஆம் நூற்றாண்டு லாங்சுவான் செலடன் நிறைய. கங்கைகொண்டசோழபுரத்திலும் அரிக்கமேட்டிலும்கூட செலடன் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. 14ஆம் நூற்றாண்டில் கடல் சுற்றிய வாங் தாயுவான் என்ற சீனர், 'தாபாதான்' என்று ஒரு ஊரை எழுதி வைத்திருக்கிறார். சீனத்தில் 'தா' என்றால் பெரிய. மீதி 'பட்டினம்'. அது பெரியபட்டினம்தான் என்றார் கராஷிமா. கல்வெட்டுக்குப் பேர்போன மனிதர், தெருவோரத்து உடைந்த ஓட்டுக்குக் குனிந்தார் என்பதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். 2013-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், 2015-ல் இறந்துபோனார்.

வழி ஒருபக்கம் மட்டும் இல்லை. சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. குப்ளாய் கானின் நலத்துக்காக அங்கே ஒரு சிவன் கோயில் எழுப்பியதைச் சொல்கிறது. அங்கே போய்க் கோயில் கட்டுகிற அளவுக்கு நம்ம வியாபாரிகள் தங்கியிருந்தார்கள். திரும்பி வந்த கப்பலில் தட்டும் வந்திருக்கும். கப்பல்காரனுக்குத் தட்டு ரொம்ப வசதியான சரக்கு. கனமானது, அடித்தட்டில் அடுக்கினால் கப்பல் ஆடாது. தண்ணி பட்டாலும் கெடாது. பட்டும் மிளகும் அப்படி இல்லையே.

போன டிசம்பரில் நானும் ஹாஸ்டல் நண்பனும் பைக்கில் பெரியபட்டினம் போனோம். பெரிசா ஒன்றும் எதிர்பார்க்காதீங்க. தென்னந்தோப்பு, மணல், பள்ளிவாசல், கருவாட்டு வாசம். ஒரு வரப்போரம் மண் வெட்டிப் போட்டிருந்த இடத்தில் கட்டைவிரல் நகம் அளவு ஒரு பச்சைச் சில்லு கிடந்தது. உடைந்த விளிம்பில் சாம்பல் நிற மண், அதன்மேல் ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி மெருகு, மெருகில் பாதி இதழின் ஒரு கோடு. கோட்டின் பள்ளத்தில் பச்சை கருத்திருந்தது. நண்பன் பாக்கெட்டில் போடப் போனான். வேண்டாம் என்றேன். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து போட்டோ எடுத்துவிட்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். அவனுக்கு இன்னும் கோபம்தான்.

அவனிடம் நான் சொன்ன காரணத்தை உங்களுக்கும் சொல்கிறேன். கொரியக் கடலில் 1323-ல் மூழ்கிய ஒரு கப்பலை 1970களில் கண்டுபிடித்தார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பீங்கான், அதில் பெரும்பாலும் லாங்சுவான். கப்பல் மூழ்கிய வருஷம் தெரிவதால் அதில் இருந்த பூ மாதிரிகளுக்கு ஒரு தேதி கிடைத்துவிட்டது. அதே இதழ், அதே விளிம்பு உலகத்தில் எந்த மண்ணடுக்கில் கிடைத்தாலும், அந்த அடுக்கு ஏறக்குறைய எந்தக் காலம் என்று சொல்லலாம். எழுத்து வேண்டாம், காசு வேண்டாம், ஒரு சில்லு போதும். ஆனால் அது எந்த ஊரில், எந்தக் குழியில், எத்தனை அடியில் கிடந்தது என்பது தெரிந்தால் மட்டும்தான். பாக்கெட்டுக்குப் போன சில்லு வெறும் பச்சைக் கண்ணாடி.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தால் எனக்கு இதுதான் உறுத்துகிறது. இனாமல் தூக்கு, ரவிவர்மா படம், ஊறுகாய் ஜாடி, மரத்தூண், மங்குத்தட்டு என்று கடை வாசல் வரை அடுக்கியிருக்கும். பார்க்க அழகுதான், நானே மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். வாங்கி விற்பதைக் குறை சொல்லவில்லை. பங்கு பிரிக்க முடியாமல் பூட்டிக் கிடக்கிற வீட்டில் கரையான் தின்பதைவிட இது மேல். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டியது தொல்பொருள், அதை விற்க லைசென்ஸ் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதெல்லாம் இருக்கட்டும். எந்த வீட்டிலிருந்து, எந்தக் கட்டிலிருந்து, யார் சீரில் வந்தது என்ற ஒரு வரி எந்தச் சாமானோடும் இல்லை. அது இல்லாத இடத்தில்தான் 'ஐந்நூறு வருஷம்' வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இப்போ எங்க தட்டு. வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பூவின் மேட்டிலும் பள்ளத்திலும் பச்சை ஒரே அளவு, தேங்கவே இல்லை. இதழ்கள் எட்டும் ஒரே அச்சு. அடி வட்டத்தில் தெரிகிற மண் சாக்பீஸ் வெள்ளை. லாங்சுவானில் அந்த இடம் பெரும்பாலும் சூட்டில் சிவந்து செங்கல் நிறமாக இருக்கும், ஏனென்றால் அந்த மண்ணிலேயே இரும்பு உண்டு. இப்படி ஒளி புகாமல் தட்டையாக நிற்கிற பச்சை பொதுவாக குரோமியம் கொடுப்பது. அதற்குக் காற்றை அடைத்துத் தீயோடு மல்லுக்கட்ட வேண்டாம், எப்படிச் சுட்டாலும் பச்சைதான். குரோமியம் என்ற தனிமத்தையே 1797-ல்தான் கண்டுபிடித்தார்கள். ஐந்நூறு வருஷம் அங்கேயே கழன்றுவிட்டது. பூரா உறுதி வேண்டுமானால் எக்ஸ்ஆர்எஃப் வைத்தால் போதும். நகைக்கடையில் தங்கம் சோதிக்கிற மெஷினுக்கும் இதே தத்துவம்தான். என் கணக்கில் இது போன நூற்றாண்டில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் செய்த தட்டு.

அதற்குப் பிறகுதான் அப்பத்தாவிடம் ஒழுங்காகக் கேட்டேன். அவர் 1960களில் பக்கத்து ஊரில் ஒரு பெரிய வீட்டில் வேலை பார்த்தவர். விசேஷத்துக்கு நாலு நாள் முன்னாடி மங்குச்சாமான் எல்லாம் இரண்டாம் கட்டுக்கு வரும். கல்தரையில் வைக்கோல் பரப்பி அதன்மேல் வைத்துத்தான் கழுவுவார்களாம்.

"அது ரங்கூன் பெட்டிச் சாமான்னு ஆச்சி சொல்லுவாக. பச்சைத் தட்டு மொத்தம் பன்னெண்டு. அந்தக் கல்யாணத்துல ஒண்ணு வெளிம்பு போயிருச்சு. என் கையில ஒடையலய்யா. ஆனா நான்தானே கழுவுனேன், அந்த மாசச் சம்பளத்துல ரெண்டு ரூவா புடிச்சுக்கிட்டாக. ஒடஞ்சதச் சீர்ல வைக்கக் கூடாதுன்னு எங்கிட்டயே குடுத்துட்டாக."

"அப்ப அவங்க குடுத்ததில்ல, நீங்க காசு குடுத்து வாங்கினது."

"ஆமா, கேக்காமலே வாங்குனது" என்று சிரித்தார்.

எனக்கு இந்தத் தட்டைப் பற்றிக் கிடைத்ததிலேயே நம்பகமான தகவல் இதுதான். விலை ரெண்டு ரூபாய், வருஷம் ஏறக்குறைய, வந்த வழி ரங்கூன், உடைந்த காரணம் கல்யாணம். அப்பத்தாவுக்கு எழுபத்தெட்டு வயசு. நான் கேட்காமல் விட்டிருந்தால் கடைத்தெருவில் இது சோங் ராஜா சாப்பிட்ட தட்டாகியிருக்கும்.

சொன்ன மாதிரியே பொங்கல் கழித்து வியாபாரி வந்தார். அடியைத் திருப்பிக் காட்டி, குரோமியம் கதையைச் சொன்னேன். மனுஷன் கோபப்படவே இல்லை. "தம்பி, வாங்குறவங்க யாரும் திருப்பிப் பாக்க மாட்டாங்க. ஆயிரத்து ஐந்நூறு தரவா?" என்றார். அப்பா அப்பத்தாவைப் பார்த்தார். அப்பத்தா தட்டில் இருந்த வெத்தலையை நறுக்கிக்கொண்டே இருந்தார். மோட்டாருக்குச் சீட்டுப் பணம் எடுத்தோம்.

தட்டின் அடியில் இப்போது ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். வீட்டின் பெயர், கட்டு, கல்யாணம், ரெண்டு ரூபாய், எல்லாம் அதில் உண்டு. அந்தப் பெரிய வீடு சில வருஷம் முன்பு சாமானோடு மொத்தமாகக் கைமாறிவிட்டது. மீதிப் பதினொன்று எங்கே போனது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். வெளிர்ப் பச்சை, நடுவில் எட்டு இதழ்ப் பூ, விளிம்பில் உடைசல் இருக்காது. எங்கேயாவது பார்த்தால் திருப்பி அடிப்பக்கத்தையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து நம்ம இதழ் மெயிலுக்கு அனுப்புங்க.